பஞ்சு கரையாது

அந்த ஹாஸ்டலுக்குக் கக்கூஸ் வந்த அடுத்த வருஷம் நான் போய்ச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். தர்மபுரி டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. பி.எஸ்ஸி., பி.எட். முடித்த கையோடு அறிவியல் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். அவர்களோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு டீச்சர் வேண்டும் என்றார்கள். தனி அறை, மூன்று வேளைச் சோறு. மறுபேச்சில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கக்கூஸ் மொத்தம் இரண்டு. ஓட்டுக் கூரை, சிமெண்ட் தரை, வெள்ளைப் பீங்கான், பின்னால் பூமிக்குள் செப்டிக் டேங்க். அதற்கு முன்பெல்லாம் பெண்கள் விடிவதற்குள் சொம்பைத் தூக்கிக்கொண்டு, காம்பவுண்டுக்குப் பின்னால் இருந்த கரட்டு மேட்டுக்குப் போய் வந்தார்களாம். வேலிக்காத்தான் முள், பாம்பு, ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் ஆண்கள் எல்லாவற்றையும் தாண்டிப் போகவேண்டும். கக்கூஸ் கட்டி முடித்த அன்று ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லித் திறந்துவைத்தார் என்று பெண்கள் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தாலும் அந்த இரண்டு கதவுகளின் மேல் அவர்களுக்கு அத்தனை பிரியம். முறை வைத்துக் கழுவினார்கள். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்ட மாதங்களிலும் ஆளுக்கு ஒரு வாளி தவறாமல் இறைத்து வைத்தார்கள்.

ஹாஸ்டலைக் கவனித்த சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். இந்த மாவட்டத்துக் கிராமம்தான், விவசாயக் குடும்பம். மடத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சில் வயல்காட்டு மண் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கண்டிப்பானவர். பெண்கள் மட்டுமல்ல, நானும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வேன்.

எனக்கும் அந்தக் காலத்தில் வாய் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். டிகிரி வாங்கிய திமிரும் சேர்ந்துகொண்டது. வந்த முதல் மாதமே பெண்களை உட்காரவைத்துச் சுத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். மாதாமாதம் வைத்துக்கொள்ளும் துணியைச் சோப்புப் போட்டுத் துவைக்கவேண்டும், வெயிலில் காயவைக்கவேண்டும் என்றெல்லாம் அடுக்கினேன். பெண்கள் தலையைக் குனிந்தபடி கேட்டார்கள். வெயிலில் எங்கே காயவைப்பது என்று ஒருத்தியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்கள் எப்போதும்போலப் பாவாடைக்கு அடியில் ஒளித்து, கொடியில் கண்ணுக்குத் தெரியாமல் காயப்போட்டார்கள்.

நான் துணி வைத்துக்கொள்ளவில்லை. சம்பளம் வாங்குகிறவள் இல்லையா, டவுன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நாப்கின் வாங்குவேன். கடைக்காரர் என் முகத்தையே பார்க்காமல் அதை நியூஸ் பேப்பரில் சுற்றி, சணல் கயிறு கட்டிக் கொடுப்பார். திருட்டுச் சாமான் வாங்குகிறவள் மாதிரி பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஆனால் உள்ளுக்குள் பெருமை. இந்த நாற்பது பேர் துணி துவைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் வேறு காலத்தில் வாழ்வதாக ஒரு நினைப்பு.

வாங்குவது சுலபமாக இருந்தது, தொலைப்பதுதான் கஷ்டம். துணி என்றால் துவைத்துவிடலாம். இதை என்ன செய்வது? அட்டைப்பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெளியில் எறிந்தால் நாய் இழுத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூட மைதானத்தில் போட்டுவிடும். புதைக்கலாமென்றால் சொந்தத் தோட்டமா என்ன, மண்வெட்டியோடு போனால் நாற்பது பேர் பார்ப்பார்கள். எரிப்பது மட்டும் முடியவே முடியாது. நான் வயதுக்கு வந்த அன்றே அம்மா கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள், "நெருப்புல மட்டும் போட்றாத, கர்ப்பப்பை காஞ்சிரும்" என்று. நெருப்பு எப்படி அங்கிருந்து இங்கே வரும் என்று அறிவியல் படித்த நான் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தை மாதத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். இந்த நேரத்தில் போய் யார் விஷப்பரீட்சை செய்வார்கள்?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கக்கூஸுக்குள் தாழ் போட்டுக்கொண்டு, மேல் துணியைக் கிழித்து, உள்ளே இருக்கும் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பீங்கானுக்குள் போட்டு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுவேன். மேல் துணியும் கூடவே போகும். ஒரு சுழி சுழித்துக்கொண்டு எல்லாம் கண்ணைவிட்டு மறைந்துவிடும். நாயும் இல்லை, நெருப்பும் இல்லை, பார்க்கிற கண்ணும் இல்லை. பஞ்சுதானே, உள்ளே போய்க் கரைந்துவிடும் என்று நினைத்தேன். தண்ணீரில் கரையும் பொருள், கரையாத பொருள் என்று ஆறாம் வகுப்புக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தவளும் இதே நான்தான்.

காலாண்டுப் பரீட்சை விடுமுறை முடிந்து ஹாஸ்டல் திறந்த வாரத்தில் ஒரு கக்கூஸ் அடைத்துக்கொண்டது. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. மறுநாள் இரண்டாவதும் நின்றது. மூன்றாம் நாள் பீங்கானுக்குள்ளிருந்து எல்லாம் மேலே வந்து தரையில் பரவியது. நாற்றம் சாப்பாட்டு அறை வரைக்கும் வந்தது. சிஸ்டர் இரண்டு கதவுகளையும் இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பெண்கள் மறுபடியும் சொம்பைத் தூக்கிக்கொண்டு கரட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குக் காவலாக நானும் ஒரு தடியை வைத்துக்கொண்டு போனேன்.

யாரோ தீட்டுத்துணியை உள்ளே போட்டிருக்கிறார்கள் என்று சிஸ்டர் முடிவுகட்டினார். நானும் அதேதான் சொன்னேன். வேறு எது அடைக்கும்? பெண்களை வரிசையாக நிறுத்திக் கேட்டபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. சிஸ்டருக்கு அந்தப் பேச்சை வெளிப்படையாகப் பேசக் கூச்சம். என்னைத் தனியே கூப்பிட்டு, வயதுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் எத்தனை துணி கொண்டுவந்தாள், இப்போது எத்தனை இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். எவளுக்குக் குறைகிறதோ அவள்தான் போட்டவள். கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது.

அந்தக் காரியத்தை நான் எவ்வளவு மும்முரமாகச் செய்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. தகரப்பெட்டிகளின் அடியிலிருந்து பெண்கள் சுருட்டிச் சுருட்டி எடுத்துவந்து காட்டினார்கள். பாட்டி புடவை, அப்பா வேட்டி, கிழிந்த பாவாடை என்று நாலாக மடித்த துணிகள். ஒருத்திக்கு மூன்று, ஒருத்திக்கு நான்கு, எப்படிப் பார்த்தாலும் இரண்டுக்குக் குறையவில்லை. கடைசியில் வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் கையில் மட்டும் ஒன்றே ஒன்று இருந்தது.

அவள் வத்தல்மலைக்காரி. மலையிலிருந்து இறங்கி வந்து ஹாஸ்டலில் படித்தாள். அவள் ஊரில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவள்தான் என்று சேரும்போதே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டாள். என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கரும்பலகையில் எழுதும் எதையும் விடாமல் எழுதிக்கொள்வாள். இன்னொன்று எங்கே என்று கேட்டேன்.

"ஒன்னுதாங்க டீச்சர் எடுத்தாந்தேன்."

ஒன்றை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்க முடியும், யாரிடம் கதை விடுகிறாய் என்று கத்தினேன். மத்தியான மணி அடித்ததும் ஓடிவந்து அலசி, பிழிந்து, ஈரத்தோடு மறுபடியும் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நம்பவில்லை. மலையிலிருந்து வந்தவள், கக்கூஸையே இங்கே வந்துதான் பார்த்திருக்கிறாள், எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்று அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குள் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. நேரே போய் சிஸ்டரிடம் சொன்னேன். இவ்வளவு இல்லாதவள் இருக்கிற துணியையும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த மாதம் என்ன செய்வாள் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஒருத்தியை அனுப்பினால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்றார் சிஸ்டர். அவள் அப்பாவை வரச்சொல்லிக் கார்டு எழுதச் சொன்னார். 'சனிக்கிழமை நேரில் வரவும், தங்கள் மகள் விஷயமாகப் பேசவேண்டும்' என்று என் கையால் எழுதிப் போட்டேன். வீட்டுக்குப் போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். மலையில் ஒன்பதாம் வகுப்பு கிடையாது. அடுத்த தையிலோ மாசியிலோ கல்யாணம் பண்ணிவிடுவார்கள். அவள் அழவில்லை. பாடப்புத்தகங்களை மட்டும் பெட்டிக்குள் வைப்பதும், வெளியே எடுப்பதுமாக இருந்தாள்.

அடைப்பு எடுக்கிறவர் வியாழக்கிழமைதான் வந்தார். என் அப்பாவைவிட மூத்தவர். டவுனில் நிறைய வீடுகளுக்கு அவர்தான் போவாராம். பிளந்த மூங்கிலும், நுனி வளைத்த நீளக் கம்பியும் வைத்திருந்தார். சிஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு இருபதடி தள்ளி நின்றார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. பெரியவர் டேங்குக்குப் போகும் குழாயை வளைவில் திறந்து, கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தார். கம்பி வெறுமனே வந்தது. மறுபடியும் விட்டார், மறுபடியும் வெறுமனே வந்தது. பிறகு சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்து மண்ணில் போட்டது சாம்பல் நிறத்தில், உருண்டையாக, கெட்டியாக இருந்தது.

"துணி இல்லீங்க இது. பஞ்சு. துணியா இருந்தா கம்பியில சுத்திக்கிட்டு வந்துரும். பஞ்சு ஊறிப் பெருத்து அப்புடியே பிடிச்சிக்கும், கையில பிச்சித்தான் எடுக்கோணும்."

அவர் அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. மறுபடியும் குனிந்து கையை உள்ளே விட்டார். ஒன்று, இரண்டு என்று எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் வலை மாதிரி ஒரு மேல் துணியும் வந்தது. அதை எனக்கு நன்றாகத் தெரியும்.  யார் கண்ணிலும் படக்கூடாது என்று தாழ் போட்டுக்கொண்டு நான் தொலைத்த ஒவ்வொன்றையும், அப்பா வயதுள்ள ஒருத்தர் வெறுங்கையால் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

என்ன அடைத்திருந்தது என்று சிஸ்டர் தூரத்திலிருந்தே கேட்டார். பெரியவர் நிமிர்ந்து ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். கண்டது கழியது அடைத்திருந்தது, எடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னார். சிஸ்டரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கிணற்றடியில் அவருக்குச் சோப்பும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இனிமே இதுல போட வேண்டாங்கம்மா. எரிச்சிருங்க. இல்லீன்னா ஆழமாத் தோண்டிப் பொதச்சிருங்க. மனுசன் வவுத்துல இருந்து வர்றதும் தண்ணியும் தவுர, இந்தக் குழாய்க்கு வேற ஒன்னும் ஆவாதுங்க."

அன்று சாயங்காலமே நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வியாழன் போனது, வெள்ளி போனது. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். விஷயம் பரவி மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விடுமோ என்று பயம். எல்லாவற்றுக்கும் மேல், சுத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய வாயால் இதை எப்படிச் சொல்வது என்ற மானப் பிரச்சினை. அந்தப் பெண்ணை இன்னும் ஒரு தடவை மன்னித்து வைத்துக்கொள்ளலாமே என்று சிஸ்டரிடம் மெல்ல ஆரம்பித்துப் பார்த்தேன். செய்யாத குற்றத்துக்கு அவளுக்கு மன்னிப்பு வாங்கித் தரப் பார்த்திருக்கிறேன், என் புத்தியைப் பாருங்கள். சிஸ்டர் ஒரே வார்த்தையில் முடியாது என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் அப்பா வந்தார். மலை அடிவாரம் வரை நடந்து இறங்கி, பஸ் பிடித்து வந்திருந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. தோளில் ஒரு சாக்குப்பை. என்னைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். பையில் சாமை அரிசி இருப்பதாகவும், ஹாஸ்டலுக்காகப் புடைத்து எடுத்து வந்ததாகவும் சொன்னார். பிறகு சட்டைப் பைக்குள்ளிருந்து என் கார்டை எடுத்து, கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார்.

"தபால்காரரு படிச்சிச் சொன்னாருங்க. எம்பொண்ணு நல்லாப் படிக்குதுன்னு சொல்றதுக்குத்தான வரச்சொன்னீங்க டீச்சரம்மா?"

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அவரை மரத்தடி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, சிஸ்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். குழாயை அடைத்தது பஞ்சு, துணி இல்லை, இந்த ஹாஸ்டலில் பஞ்சு வாங்குகிறவள் நான் ஒருத்திதான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். வியாழக்கிழமையே தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

 சிஸ்டர் மேஜை மேல் இருந்த பேனாவை மூடி வைத்தார். அவர் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"பின்னாடி குப்பைக்குழி இருக்குதே, அதுல போட்டு எரிச்சிருக்கலாமில்ல?"

எங்கம்மா எரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், கர்ப்பப்பை காய்ந்துவிடும் என்றேன். அறிவியல் டீச்சர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்தது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மாவும் அதேதான் சொல்லுச்சு" என்றார் சிஸ்டர். "நான் புள்ள பெத்துக்கப் போறதில்லன்னு கடவுளுக்கு வார்த்தப்பாடு குடுத்து முப்பது வருசமாச்சு. ஆனா நானும் ஒரு நா எரிச்சதில்ல டீச்சர்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையோடு சேர்ந்து சிரிப்பும் வந்துவிட்டது. அவரும் சிரித்தார், சத்தம் வெளியே போகாமல் தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என்மேல் அவருக்குக் கோபம் தீரவில்லை, ஒரு குழந்தையைப் படிப்பைவிட்டு விரட்டப் பார்த்தோமே, இரண்டு பேரும்தான், என்று போகிறபோக்கில் சொன்னார். இரண்டு பேரும் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

மரத்தடிக்குப் போய் அந்த அப்பாவிடம், பெண் நன்றாகப் படிக்கிறாள், அதைச் சொல்லத்தான் வரச்சொன்னோம் என்றார். அந்தப் பொய்யை அந்த வாரமே ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பினார். அவள் கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

அவளை என் அறைக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். போட்டது நான்தான், உன்மேல் பழி சொன்னதும் நான்தான், தப்பு என்னுடையது என்றேன். ஒரு டீச்சர் மாணவியிடம் அப்படிச் சொல்வதை அந்தக் காலத்தில் நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "சரிங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். வகுப்பில் அதே முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், ஆனால் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

கக்கூஸ் கதவுகளைத் திறந்த அன்று சிஸ்டர் என்னைப் பெண்களிடம் பேசச் சொன்னார். இந்தத் தடவை நான் சுத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. அடைத்தவள் நான் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சு தண்ணீரில் கரையாது, ஊறிப் பெருக்கும் என்று ஒரு டம்ளரில் போட்டே காட்டினேன். துணியோ பஞ்சோ காகிதமோ எதுவும் பீங்கானுக்குள் போகக்கூடாது என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் பழைய கதைதான். இதையெல்லாம் பிறகு எங்கே போடுவது என்று பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். கேட்டாளே என்று எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

அடுத்த வாரம் முழுக்க அதற்கான வேலைதான். கக்கூஸுக்குப் பின்னால் தட்டி கட்டி, வெயில் நேராக விழுகிற இடத்தில் ஒரு கொடி கட்டினோம். துணியை ஒளிக்காமல் காயப்போட அதுதான் முதல் இடம். அடைப்பு எடுத்தவரையே வரவழைத்து இடம் கேட்டு, கிணற்றிலிருந்து தள்ளி ஆள் உயரத்துக்கு ஒரு குழி தோண்டி, சிமெண்ட் உறை இறக்கி, நாய் தள்ள முடியாத மூடி போட்டோம். நைந்துபோன துணிகள் பேப்பரில் சுற்றி அதற்குள் போகும், மேலே ஒரு கை சாம்பல் தூவிவிடுவார்கள். சிஸ்டர் டவுனுக்குப் போய் ஒரு முழுப் பீஸ் காடாத்துணி வாங்கிவந்து, பெட்டியில் குறைவாக வைத்திருந்த பெண்களுக்கெல்லாம் கிழித்துக் கொடுத்தார். யாருக்கு எத்தனை என்று இந்த முறை யாரும் எண்ணவில்லை.

குழிக்குப் பக்கத்தில், நான்கு செங்கல் மேல், அடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய மண்பானையும் இருந்தது. அதை வைத்தவள் நான். பஞ்சு குழிக்குள் சீக்கிரம் மக்காது, எரிப்பதுதான் சரி என்று அடைப்பு எடுத்தவர் மறுபடியும் சொல்லியிருந்தார். பெண்கள் யாரும் அந்தப் பானைப் பக்கமே போகவில்லை. எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இருந்தார்கள், எல்லா அம்மாக்களும் அதையே சொல்லியிருந்தார்கள்.

அந்த மாதம் எனக்கு வந்தபோது, மூன்றாம் நாள் சாயங்காலம் பேப்பர் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். ஒளிந்து போகக்கூடாது என்று பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில், எல்லோரும் பார்க்கவே போனேன். தட்டி ஓரமாகப் பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். பொட்டலங்களைப் பானைக்குள் போட்டு, மேலே காய்ந்த ஓலை வைத்து, தீப்பெட்டியை எடுத்தேன். படித்ததெல்லாம் அந்த நேரத்தில் துணைக்கு வரவில்லை. தையில் கல்யாணம், அம்மா முகம், பிறக்காமல் போய்விடக்கூடிய ஏதோ ஒரு குழந்தை, இதுதான் கண் முன்னால் நின்றது. இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவள் என்னைவிட வாயாடி. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே. முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது, நான் அழுத்தி உரசியதில் ஒடிந்தே போனது.

"பயமா இருக்குதுங்களா டீச்சர்?"

வத்தல்மலைப் பெண் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து நின்றிருந்தாள். இத்தனை நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாய் முதலில் போனது.

"ஆமா. பயமா இருக்கு" என்றேன்.

 அவள் பானைக்குக் காற்று வருகிற பக்கமாக வந்து, தாவணியின் முந்தியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, எனக்கு மிக அருகில் நின்றுகொண்டாள். நான் மூன்றாவது குச்சியைக் கிழித்தேன். ஓலை பற்றியது. தீ நன்றாகப் பிடிக்கும் வரைக்கும் அவள் தாவணியை இறக்கவில்லை.